மாடிப்படிக்குக் கீழே இரண்டு மீட்டர்கள்

அக்டோபர் 14

மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று படி விளக்கைப் போடாமல் இறங்கி, துணிக்கூடையோடு உருண்டேன். போய் நின்ற இடம் கீழ் வீட்டு மிஸஸ் வாம்ஸ்லியின் வாசல். என் ஜட்டி ஒன்று அவருடைய மிதியடிமேல். இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு பல்பு போட்டிருந்தா இதைப் பார்க்காம இருந்திருப்பேன் கண்ணு."

வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கடையில் சாவியில் பணம் ஏற்றி மீட்டரில் செருகினால் மூன்றே நாளில் விழுங்கிவிடுகிறதாம். எழுபத்தெட்டு வயது, தனி ஆள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்ல அஞ்சு பேரு. எனக்குப் பத்து நாள் வருது. எல்லாம் நிர்வாகம். வேணாத ப்ளக்கை எல்லாம் பிடுங்கி வைங்க" என்றேன். கையில் ஜட்டியோடு.

அக்டோபர் 16

அவரை மலிவான கம்பெனிக்கு மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். மின்னஞ்சல் முகவரியை என் மகள் ஹேஸல் உண்டாக்கினாள். கடவுச்சொல்லுக்கு, செத்துப்போன பூனையின் பெயர். போதிய பலம் இல்லையாம்.

"அதுவா? நாயையே அடிக்கும்" என்றார் மிஸஸ் வாம்ஸ்லி.

அக்டோபர் 21

சாவி மீட்டருக்கு அந்த மலிவு விலை கிடையாதாம். மீட்டரை மாற்ற வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் ஸ்பெயினில் வெயில் காய்கிறார். வேறு கம்பெனி பார்க்கிறேன்.

அக்டோபர் 24

தொலைபேசியில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். ஆள் வந்து "வணக்கம்" என்றதும் என் போனில் காசு தீர்ந்தது.

அக்டோபர் 29

இன்று கம்பெனிப் பெண் ஒருத்தி போனில் கிடைத்தாள். படிக்குக் கீழே மண்டியிட்டு, மிஸஸ் வாம்ஸ்லியின் மீட்டர் எண்ணை வாசித்தேன்.

"சார், அது மேல் வீட்டு மீட்டர்னு இருக்கே. அது தெளிவாகாம மாத்த முடியாது."

மேல் வீடு நான்தானே?

மேலே போய் மெயினை அணைத்தேன். "அப்பா! பாதித் தலைதான் காஞ்சிருக்கு!" என்று ஹேஸல் கத்தினாள். இறங்கி வந்து பார்த்தால், எங்கள் மீட்டரின் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அவருடையது நின்றுவிட்டது.

அடப்பாவி. எவனோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான். ஆறு வருஷமாக எங்கள் வெந்நீர், துணி உலர்த்தி, மூன்று பெண்களின் தலைமுடி – எல்லாம் அவர் சாவியில். அவருடைய ஒற்றை விளக்குக்கு நான் பணம் ஏற்றியிருக்கிறேன். அவர் ஒருநாளும் காசு தீர விட்டதில்லை. விட்டிருந்தால் எங்கள் வீடு இருண்டு, அன்றே தெரிந்திருக்கும்.

நிர்வாகமாம்!

அக்டோபர் 30

சொல்லிவிட வேண்டும். சொன்னால் நம் செலவு மூன்று மடங்கு. நாளைக்கு.

நவம்பர் 2

மழை. சொல்லவில்லை. மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 5

என் மனைவி டெனீஸ் உலர்த்தியை இரண்டு தடவை ஓட்டினாள். நான் வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் இது நடந்ததில்லை. "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 9

உறைபனி. மிஸஸ் வாம்ஸ்லி படியருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் பிடுங்கி வச்சிட்டேன் கண்ணு. ஃபிரிட்ஜையும். பால் ஜன்னல்ல இருக்கு. ஹீட்டர் போட்டு நாலு நாளாச்சு. அப்பவும் விழுங்குது. உன் கைராசி எனக்கு இல்ல."

உதடு நீலமாக இருந்தது.

படியேறினேன். பாதியில் திரும்பி இறங்கி அவர் கதவைத் தட்டினேன். "ஒயர் மாறியிருக்குன்னு நினைக்கிறேன்" என்றேன். நினைக்கிறேனாம்! "ஹீட்டரைப் போடுங்க. போட்டபடியே வைங்க. அது என் சாவி." பிறகு கம்பெனிக்குப் போன்.

நவம்பர் 14

ஆள் வந்து ஒயரைச் சரிசெய்தார். பழைய பணம் மிஸஸ் வாம்ஸ்லிக்குத் திரும்பும். எங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். கம்பெனி மாற்றும் அவருடைய விண்ணப்பமும் ஒருவழியாகப் போய்விட்டது.

சாயங்காலம் இஞ்சிக் கேக் சுட்டு எடுத்து வந்தார். கோட் இல்லாமல் அவரைப் பார்த்தால் வேறு ஆள் மாதிரி.

"எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீதான் கண்டுபிடிச்சே. எப்போ தெரிஞ்சது உனக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய துண்டாக எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

உங்ககிட்ட சொல்றதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே, மிஸஸ் வாம்ஸ்லி.