அளவுக் குரல்

நாள் 112. காலை 7.00
மலை நிலையம். ஊழியர் ஒருவர்: நம்பிராஜன், பொறியாளர். தொலைத்தொடர்புக் கோபுரம் சீர். மலைப்பாதை இன்னும் அடைப்பு.
தொற்றுக்காலப் பணியாளர்கள் தினமும் தொலைபேசியில் இங்கே பேச வேண்டும். குரலை வைத்து மனநிலைக்கு இயந்திரம் மதிப்பெண் தரும். நாற்பதுக்குக் கீழே போனால் கட்டாய ஓய்வு.
செவிலியர் ஆரோக்கியமேரி அழுதார்: 31, ஓய்வு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பீர்முகம்மது கத்தினார்: 28, ஓய்வு. மின்மயானம் சுடலைமுத்து: 44.
“என்ன வே எஞ்சினியரே, நாப்பத்தி நாலா? பத்தாங்கிளாஸ்லயும் இதே மார்க்குதான், பாஸ் போடும்! ஒம்ம வீட்டம்மா அஸ்திக் கலயம் எங்கிட்டதான் இருக்கு. பாத தொறந்ததும் வந்து வாங்கிக்கிடும்.”

நாள் 119. காலை 7.20
சுடலைமுத்து: 71.
“இன்னைக்கு முப்பத்தாறு பொணம். பேரு கேக்கறத விட்டுட்டேன்.”
முன்னேற்றம் என்று குறித்தேன்.

நாள் 126. காலை 7.15
சுடலைமுத்து: 97.
“வேல நடக்கு. வேற ஒண்ணுமில்ல.”
இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன்.

நாள் 126. காலை 11.40
கோப்புகளைத் திறந்தேன். இயந்திரம் எல்லோரையும் ஒரே ஒரு குரலோடு, அளவுகோலாக வைத்த ‘அளவுக் குரலோடு’, ஒப்பிடுகிறது. அது நலமான ஊழியரின் குரலாக இருக்க வேண்டும் என்பது விதி. இயந்திரத்தை நிறுவிய அன்று இங்கே நான் மட்டும்தான். செவ்வந்தியை எரித்த மூன்றாம் நாள். என் மனைவி, ஆய்வகத்தில் சளி மாதிரிகளைச் சோதித்தவள். நான் அழவில்லை. நலம் என்று குறித்து, என் குரலையே அளவாகப் பேசிப் பதிவு செய்தேன்.
பதினான்கு வாரமாக, அழத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னைப் போல் மரத்துப்போனவர்களை வேலையில் வைத்திருக்கிறேன்.
தலைமையகத்திடம் வேறு குரல் கேட்டேன். பதில்:
“யாருகிட்ட சார் வாங்கச் சொல்றீங்க? இங்க ஒருத்தரும் நல்லால்ல.”

நாள் 127. காலை 7.05
சுடலைமுத்து: 99.
“கலயம் ஆபீஸ் மேசையில இருக்கு. செவ்வந்தின்னு பேரெழுதி ஒட்டிருக்கேன். சாவிய ஆணியில மாட்டிட்டேன். இனி என்னத் தேட வேண்டாம்.”
துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.
உதவிக்குழுவை அனுப்பச் சொன்னேன். 99 வாங்கியவருக்கு உதவி தேவையில்லை என்கிறது இயந்திரம். அளவுக் குரலை அழித்தால் எல்லா மதிப்பெண்ணும் பூஜ்யமாகும், குழு தானாகவே கிளம்பும். அழிக்கும் உத்தரவை அந்தக் குரலே சொல்ல வேண்டும். என் குரல்.

7.12
“நம்பிராஜன். அளவுக் குரலை அழி.”
பாதியில் குரல் உடைந்தது. பொருந்தவில்லை.

7.15
தண்ணீர் குடித்தேன். யாருடைய பெயரையும் கேட்காத மனிதர் அவள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்.
பொருந்தவில்லை.

7.18
அன்று பேசியது போல் பேசு. ஒரே ஒரு தடவை. பேசு
நிற்க மாட்டேன் என்கிறது. இத்தனை நாள் வராத அழுகை இப்போ

7.20. தானியங்கிப் பதிவு
நிலைய ஊழியர் நம்பிராஜன்: 11. கட்டாய ஓய்வு. விசைப்பலகை பூட்டப்பட்டது.
மயான ஊழியர் சுடலைமுத்து: 99. நலம்.