ஒன்பது தரம் பார்த்த படத்தின் முடிவு

4.8.1973, சனி

யாழ்ப்பாணம் போய் அந்தப் படத்தை ஒன்பதாவது தரம் பார்த்தேன். கதாநாயகனுக்கு நாற்பத்தெட்டு வயதுக்குக் குறையாது. கல்லூரியில் முதலாம் வருடம் படிக்கிறார். மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறார். விபத்தில் கண் போகிறது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடாதபடி அவள் ஊமைத் தாதியாக வந்து பராமரிக்கிறாள். அந்த ஊமை இரண்டு பாட்டுப் பாடுகிறாள். அதை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை; பாட்டு நல்லது.

இன்று புதிதாகக் கவனித்தது: துரத்தப்படும்போது அவளுக்கு வெறுங்கால், படலையைத் தாண்டியதும் செருப்பு. முந்தின எட்டுத் தரமும் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

வைத்தியர் கண்கட்டை அவிழ்க்கத் தொடங்கியதும் வழக்கம்போல எழுந்து ஓடினேன். மணி 4.50. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் புங்குடுதீவிலிருந்து எங்கள் நயினாதீவுக்கு வள்ளம் இல்லை. ஒன்பது தரம் போயும் அந்தக் கட்டு அவிழ்ந்ததை நான் கண்டதில்லை. இதை எழுதும்போதும் யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

5.8.73

உள்ளதை எழுதிவிடுகிறேன். மனைவி அன்னபூரணத்துக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. நான் பார்த்து வந்து சொல்வதுதான் அவளுக்குப் படம். பதினொரு வருடத்துக்கு முன் முதல் தரம் கதை சொன்னபோது, "முடிவென்ன?" என்று கேட்டாள். 'தெரியாது, பஸ்ஸுக்கு ஓடி வந்திட்டன்' என்று சொல்லியிருக்கலாம். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் ஓர் எழுத்தும் பொய்யாக எழுதாதவன், "புருசன் அவளின்ரை காலிலை விழுந்து மன்னிப்புக் கேட்டான்" என்றேன். அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பெண்கள் கூடும் கிணற்றடிக்குப் போனாள். இன்று இந்தத் தீவில் அந்த முடிவு தெரியாத பெண் இல்லை.

அது அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்னபூரணத்தின் தங்கை மகள் மனோகரி மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் இராசநாயகம் புங்குடுதீவில் கடை வைத்திருக்கிறார். தன் தாயின் சங்கிலியை இவள் எடுத்துத் தமையனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று எங்கள் இறங்குதுறையில் வைத்து ஊர் கேட்கக் கத்தினார். சங்கிலி பிறகு தாயின் தலையணைக்குள்ளேயே அகப்பட்டது. ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டாராம்.

அன்னபூரணம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அந்தப் படத்திலை மாதிரி வந்து காலிலை விழட்டும். அதுவரைக்கும் இஞ்சை இரு, பிள்ளை."

அந்தப் படத்திலை மாதிரி! நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

9.8.73

வாசிகசாலைக் கூட்டம். செயலாளர் நான். இராசநாயகம் தானே வந்திருந்தார். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி, தன் செலவில், எங்கள் ஊருக்கு இனாமாக ஒரு படம் காட்டுகிறாராம். எந்தப் படம் என்று எழுதவும் வேண்டுமா?

தலைவர் ஆழ்வாப்பிள்ளை, "இனாமாப் படம்! ஆரும் எதிர்ப்போ?" என்றார்.

"மழை வரலாம்" என்றேன்.

"சோளகக் காத்துக் காலத்திலை என்ன மழை, ஓய்!"

என் எதிர்ப்பு அவ்வளவுதான். வெளியே வந்ததும் இராசநாயகம், "மாமா, நீங்கள் அந்தப் படத்தை முழுசாப் பாத்தனீங்களோ? நான் யாழ்ப்பாணத்திலை தங்கி நிண்டு பாத்தனான். மனோகரியும் அந்த முடிவை ஒருக்காப் பாக்க வேணும்" என்று சொல்லி மீசைக்குள் சிரித்தார். என்ன முடிவு என்று கேட்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

10.8.73

சோறு இறங்கவில்லை. அன்னபூரணம் இஞ்சிக் கசாயம் தந்தாள். பொய்க்கு இஞ்சி கேட்காது.

18.8.73, சனி, மத்தியானம்

படப்பெட்டிகள் வந்தன. செயலாளர் என்ற முறையில் நானே எண்ணிப் பொறுப்பெடுத்தேன். கடைசிச் சுருள் தனிப் பெட்டியில் இருந்தது. கடல் பக்கத்திலேயே இருந்தது. வள்ளக்காரர் யாக்கோப்புவிடம், "இது நனைஞ்சால் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஏன் ஐயா, குளிப்பாட்டப் போறியளோ?"

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனேன். களவுக்கும் ஒரு துணிவு வேண்டும்.

திரும்பி வந்து குசினியில் மனோகரியிடம் சொல்லிவிட்டேன். "பிள்ளை, அந்த முடிவை நான் பாக்கேல்லை."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும் பெரியப்பா. ரண்டரைக்குத் தொடங்கிற ரண்டரை மணித்தியாலப் படம். நீங்கள் ஐஞ்சு மணி பஸ்ஸிலை வாறனீங்கள்."

"அப்ப நீ ஏன்—"

"நான் படத்தைப் பாத்தோ வந்து இருக்கிறன்? அவர் கத்தினது பிழை. எந்தப் படத்திலை என்ன வந்தாலும் பிழைதான்."

"பெரியம்மாவுக்குச் சொல்லட்டோ?"

"சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ."

சாப்பிட்டேன். சொல்லவில்லை.

19.8.73

நேற்றுப் பொழுதுபட்டதும் வாசிகசாலை முன்றிலில் படம் ஓடியது. சோளகக் காற்றுத் திரையை ஊதியது. கதாநாயகி பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நிறைமாதமாகி, மறுகணமே மெலிந்தாள்.

கட்டு அவிழ்ந்தது. கண்டேன். கணவன் கண் திறந்து "நீயா?" என்றார். உடனே அவள் அவர் காலில் விழுந்தாள். அவள்! ஊமை என்று ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். திரையில் 'வணக்கம்'.

இராசநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார். அதற்குள் அன்னபூரணம் எழுந்துவிட்டாள். படம் ஓட்டும் மெசின்காரரைப் பார்த்து, "தம்பி, படத்தை ஏன் மாத்தினனீர்?" என்றாள்.

"நான் மாத்தேல்லை அம்மா, படமே இதுதான்."

"இதில்லை! என்ரை மனுசன் ஒன்பது தரம் பாத்தவர். பொய் சொல்லத் தெரியாத மனுசன்!"

"எங்கடை முடிவைப் போடும்!" என்று பெண்கள் பக்கம் முழுவதும் கத்தியது. மெசின்காரர் மெசினுக்குப் பின்னால் பதுங்கினார். அவர் பாவம், என்ன செய்வார்?

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "நான்... முடிவு பாக்கேல்லை. அது நானாச் சொன்னது." எனக்கே கேட்காத குரல். ஆழ்வாப்பிள்ளை அதை ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னார். நன்றி.

முன்வரிசையிலிருந்து இலட்சுமிப்பிள்ளை அக்கா, "அப்ப எங்கடை செயலாளர் ஐயா சொன்னதுதான் சரி. படம் எடுத்தவனுக்குத்தான் விசர்" என்றார். முன்றிலே சிரித்தது. மனோகரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இராசநாயகம் கதிரைகளை அடுக்க உதவுவதுபோல் குனிந்துகொண்டார்.

20.8.73

அன்னபூரணம் பேசவில்லை. சோறு வந்தது, சொதி வரவில்லை.

22.8.73

பேசினாள். "மற்றப் படங்களின்ரை முடிவும் உங்கடையோ?"

பதினாலு படத்தில் பதினொன்று என்றேன். கணக்கு என்னிடம் இருக்கிறது.

"மிச்சம் மூண்டும்?"

"படக்காரரின்ரை."

"அதுதான் அது மூண்டும் சரியில்லை."

26.8.73, ஞாயிறு

இராசநாயகம் காலை வள்ளத்தில் வந்து, ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் மனோகரியும் இறங்குதுறைக்குப் போனோம். அவரோ வள்ளம் திரும்ப ஆயத்தமாகி, யாக்கோப்பு இஞ்சினை முடுக்கிய பிறகுதான் வாய் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கெட்டிக்காரன்.

மனோகரி வள்ளத்தைப் பார்த்து, "யாக்கோப்பண்ணை, உந்த இஞ்சினை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றாள்.

நிறுத்தினார். உள்ளே முப்பது பேர்வரை, ஒரு ஆடு.

"இப்பச் சொல்லுங்கோ. அண்டைக்கும் இதிலை நிண்டுதான் சொன்னனீங்கள்."

இராசநாயகம் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அவரில் இரக்கம் வந்தது. அந்த நிலை எனக்குத் தெரியும். "சங்கிலியை நீர் எடுக்கேல்லை" என்றார். "நான் சொன்னது பிழை."

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை" என்றது வள்ளத்திலிருந்து ஒரு குரல். மறுபடியும் சொன்னார்.

காலில் ஒருவரும் விழவில்லை. மனோகரி வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கட்டி, பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். வள்ளத்தில் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. ஆட்டுக்காரிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் அவளுடைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வள்ளம் முப்பத்தைந்து நிமிடம் பிந்திப் புறப்பட்டது. ஒருவரும் முறுமுறுக்கவில்லை.