முறுக்கிக்கொண்ட ஷாஃப்ட்

மார்ச் 3, செவ்வாய்

வண்டி பட்டறையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. நான் வீட்டில் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

ஆளுக்கு ஆள் கதை கட்டுவதற்கு முன் நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். போன வியாழன், மலை ஊருக்கு ஏறுகிற மேல் ரோட்டில் மூன்றாவது வளைவு. என் ஜீப்பில் ஏழு பேர். முன் சீட்டில் நர்சம்மா, மடியில் தடுப்பூசிப் பெட்டி. பாறைமேல் ஏறும்போது அடியில் ஒரு வெடிச் சத்தம். இடது பின் சக்கரம் அதைச் சுற்றுகிற இரும்புத் தண்டோடு, ஷாஃப்டோடு, வெளியே வந்துவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

நர்சம்மா இறங்கினார். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டாண்டில் இருபத்திரண்டு ஜீப். நான் ஒருத்தி மட்டும் பெண். இன்று மீசை கூப்பிட்டுச் சொன்னார் (ஸ்டாண்டுக்குச் செயலாளர், மீசைக்கும் அவர்தான் செயலாளர்): "மேல் ரோடு பொம்பளைக்கு ஓட்ட வராது. நீ கீழ் ரோட்டுல மட்டும் ஓட்டும்மா. தார் ரோடு. உனக்கும் நல்லது."

எனக்கு எது நல்லது என்று இவரிடம் யார் கேட்டது? ஏப்ரல் நடுவில் கூட்டமாம். அதற்குள் வண்டி மேலே ஏறவில்லை என்றால் மேல் ரோட்டில் என் முறை அவர் மச்சானுக்குப் போகும். ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்கள் போல.

மார்ச் 4, புதன்

விற்க மாட்டேன். மேல் ரோட்டையும் விட மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பட்டறை அண்ணன் பின் சக்கரம் இரண்டையும் சேர்க்கிற ஆக்சிலைப் பிரித்தார். பல்சக்கரங்கள் இருக்கிற நடுப் பெட்டியைத் திறந்ததும் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் உள்ளே பார்த்தார்.

"இந்த லாக்கரை யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்போ?"

"அக்டோபர்ல."

"ஷாஃப்ட் மாத்தினியா?"

நான் குனிந்து கீழே கிடந்த நட்டுகளைப் பொறுக்கினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இது என் நோட்டு, இங்கே எழுதலாம். லாக்கர் விஷயம் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. சாதாரண ஜீப்பில் ஒரு பின் சக்கரம் சேற்றிலோ காற்றிலோ தொங்கினால் அதுதான் சும்மா சுற்றும். தரையில் இருக்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆகவேண்டும். தானாகப் பூட்டிக்கொள்கிற சின்ன வகை ஒன்றை வாங்கி, முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பொருத்தினேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். "லாக்கரா? நகையே இல்லையே, எதுக்கு?" என்று கேட்டதைத் தவிர வேறு உதவி இல்லை.

அந்த மழை முழுக்க மற்ற ஜீப்காரர்கள் ஆட்களை இறக்கித் தள்ளச் சொன்ன இடத்தில் நான் ஒருத்தரையும் இறக்காமல் ஏறினேன். "என்னமா ஓட்டுது இந்தப் பொண்ணு" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டேன். நர்சம்மா மீசை வண்டியை விட்டு என் வண்டிக்கு மாறியது அப்போதுதான்.

அதனால் என்ன? உடைந்தது ஷாஃப்ட். கம்பெனி இரும்பு சொத்தை. லாக்கருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் சொல்கிறார், லாக்கரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி ஷாஃப்ட் போட்டால் நாலு நாளில் வண்டி ரெடி. மாட்டேன் என்றேன்.

முழு ஆக்சிலையே மாற்றப் போகிறேன். இப்போது இருப்பதில் வண்டியின் பாரத்தையும் ஷாஃப்டே தாங்குகிறது, சக்கரத்தையும் அதுவே சுற்றுகிறது. அது ஒடிந்தால் சக்கரத்தைப் பிடித்துவைக்க வேறு ஆள் கிடையாது. சரக்கு வண்டிகளில் வேறு ஏற்பாடு. பாரம் வெளிக்குழாய் மேல் உட்காரும், ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். ஒடிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும்.

"உன் ஜீப்புக்கு அது யானைக்காலும்மா" என்றார்.

"இருக்கட்டும். யானை விழாது."

"லாக்கர்?"

"ஸ்விட்சு வெச்சது. காத்துல பூட்டுறது."

அதற்குக் காரணம் உண்டு. தானாகப் பூட்டுகிற வகை நேர் ஏற்றத்தில் தங்கம். ஆனால் மேல் ரோட்டில் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்த வழுக்குப் பாறை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றினால் வண்டியின் பின்புறம் ஓரத்துக்கு நழுவும். நவம்பரில் ஒருநாள் ஒரு முழம் நழுவியது. யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது அவிழ்க்கவும் என் விரலுக்கு அதிகாரம் வேண்டும். சீட்டுக்கு அடியில் சின்னக் காற்றுப் பம்பு, டாஷ்போர்டில் ஸ்விட்ச்.

"காத்துக் குழாய் ஒண்ணு பிஞ்சுதுன்னா?"

"பூட்டாது. அவ்வளவுதான். பழைய மாதிரி ஓட்டிட்டு வருவேன்."

கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தார். "சரி. நீ கேட்கமாட்ட."

மார்ச் 12, வியாழன்

பழைய வண்டிகளை உடைக்கிற யார்டில் நாள் முழுக்க. சின்னச் சரக்கு வண்டியின் பின் ஆக்சில் ஒன்று, குழாயில் வளைவு இல்லை, பற்கள் சுத்தம். அகலம் அளக்க இவருடைய தையல் டேப்பை எடுத்துப் போயிருந்தேன். சரியாகப் பொருந்துகிறது! கிரீஸ் அப்பிய டேப்பைப் பார்த்து இவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "நாளைக்கு ஒருத்தர் கழுத்துல இதைப் போட்டு அளக்கணும்டி."

உள்ளே இருந்த ஷாஃப்ட்கள் தேய்ந்தவை. வலது பக்கத்தை உருவி அளந்து, புதிதாக இரண்டுக்குக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நர்சம்மா இன்று மீசை வண்டியில் போனாராம். எனக்கென்ன.

மார்ச் 17, செவ்வாய்

என் பழைய வலது ஷாஃப்டை, உடையாததை, அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முனையில் நேராக இருக்கவேண்டிய வரிப்பற்கள் துணி பிழிந்த மாதிரி சாய்ந்திருந்தன.

"இதுவும் முறுக்கிக்கிச்சு பாத்தியா."

"பழசுண்ணே. பழைய இரும்பு."

"பழசுன்னா தேயும். முறுக்காது."

எனக்கு வேறு வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஷாஃப்ட் வந்தது. ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று நாலு விரல்கடை எட்டவில்லை. இரண்டும் ஒரே நீளம்! நடுப் பெட்டி நட்டநடுவில் இல்லை, வலதுபக்கம் ஒதுங்கி இருக்கிறது. இடது ஷாஃப்ட் நீளமாக இருக்கவேண்டும். இதுகூடத் தெரியாமல் என்ன கடை நடத்துகிறான்? போனில் பிடி பிடி என்று பிடித்தேன். ஒரு வாரம் போச்சே, உன்னால என் முறை போகுதே, யாருக்குய்யா நஷ்டம்?

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு படம் அனுப்பினார். நான் கொடுத்த சீட்டு. என் கையெழுத்து. 'ஒரே அளவு, இரண்டு.'

மன்னிப்புக் கேட்டேன். இடதுக்கு மறுபடி அளந்து அனுப்பினேன்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "சட்டைக்கே நான் ரெண்டு தோளையும் அளப்பேன். ஒருத்தருக்கும் ரெண்டு தோள் ஒரே மாதிரி இருக்காது. நீ என்ன, ஒரு பக்கம் பாத்துட்டு முடிவு பண்ணிட்ட" என்றார்.

ஷாஃப்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் வேறு எங்கோ தைத்தது.

மார்ச் 25, புதன்

காலையில் பட்டறைக்குப் போய்ப் பழைய ஷாஃப்ட் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உடைந்ததும் முறுக்கியிருக்கிறது. உடையாததும் முறுக்கியிருக்கிறது. ஒன்று சொத்தை என்று சொல்லலாம். இரண்டுமா?

லாக்கர் பூட்டினால், ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்போது எஞ்சினின் முழு பலமும் தரையில் இருக்கிற ஒரே ஷாஃப்ட் மேல் இறங்கும். அந்த மெல்லிசு ஷாஃப்டால் எத்தனை நாள் தாங்க முடியும்? அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. நான் மேலே உட்கார்ந்து பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஷாஃப்ட் மாற்றியிருக்கணும். லாக்கர் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. படிச்சேன். படிச்சும் போட்டேன். மழை வரப்போவுது, சீக்கிரம் ஏறணும், அவங்க வாயை மூடணும் — அந்த அவசரம். ஏழு பேரு. நர்சம்மா. அந்தப் பெட்டி. ஐயோ, ரெண்டு அடி அந்தப் பக்கம் போயிருந்தா?

மீசை சொன்னது பொய். கம்பெனி இரும்பு சொத்தை என்று நான் சொன்னதும் பொய்தான்.

ஏப்ரல் 4, சனி

பொருத்தி முடித்தாயிற்று. இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வலது எதிர்த்திசையில் சுற்றியது. அண்ணன் ஸ்விட்சைத் தட்டினார். உள்ளே 'க்ளக்'. மறுபடி சுற்றினேன். வலதும் என்கூடவே அதே திசையில் வந்தது. நாலைந்து தடவை சுற்றினேன், தேவையே இல்லாமல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு அண்ணனும் நானும் மேலே போய் வந்தோம். மூன்றாவது வளைவில் பூட்டினேன். சரிந்த பாறைக்கு முன் அவிழ்த்தேன். ஓர் அங்குலம் நழுவவில்லை. அண்ணன் பக்கக் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை, "பயமெல்லாம் இல்ல" என்றும் சொன்னார்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன்.

உடைந்த ஷாஃப்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். எல்லோரும் இருந்தார்கள், நர்சம்மாவும். லாக்கர் போட்டதைச் சொன்னேன், ஷாஃப்ட் மாற்றாததைச் சொன்னேன், அதனால்தான் ஒடிந்தது என்றும் சொன்னேன். துணியைப் பிரித்து ஷாஃப்டைக் காட்டினேன்.

மீசைக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ மழையில ஏறினதெல்லாம் நீ இல்ல, லாக்கரு! நாங்கதான் ஏமாந்துட்டோம்."

"லாக்கர் பாதி, நான் பாதி. அன்னைக்கு மேட்டுல முட்டி நிறுத்தினது லாக்கர் இல்ல, நான். தப்புப் பண்ணினேன், ஒத்துக்கறேன். ஓட்டத் தெரியாதவ இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டாதீங்க."

நர்சம்மா ஷாஃப்டைக் கையில் வாங்கி அந்த முறுக்கை விரலால் தடவிப் பார்த்தார். "இது அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்க விரும்பலக்கா."

திருப்பிக் கொடுத்துவிட்டு மீசை வண்டியில் ஏறிப் போனார்.

நான் காலி வண்டியை மேலே ஓட்டிப் போய்க் காலியாகவே திரும்பினேன். ஏறியாச்சு என்று கூட்டத்தில் எழுதிக்கட்டும். முறை என்னுடையது. ஆள் ஏறுவதும் ஏறாததும் அவரவர் இஷ்டம்.

ஏப்ரல் 10, வெள்ளி

அழுதேன். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, திங்கள்

கூட்டம். முறை எனக்கே. மச்சான் முகத்தைப் பார்க்கணுமே!

முடிந்து போகும்போது மீசை என் வண்டிக்குப் பின்னால் வந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அடியில் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அந்தச் சின்ன லாக்கர் சும்மாதானே கிடக்குது? நம்ம வண்டிக்கு ஆகுமா?" என்றார்.

"முதல்ல ஷாஃப்டை மாத்துங்கண்ணே. ரெண்டு பக்கமும் அளந்து."

ஏப்ரல் 16, வியாழன்

விடியும்போதே மழை. ஸ்டாண்டுக்குப் போனபோது என் வண்டி நிற்கிற இடத்தில் நர்சம்மா குடையோடு நின்றிருந்தார். நிறுத்தியதும் ஏறவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"இப்போ உடைஞ்சா?"

உடையாது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "ஷாஃப்ட் உடையலாம்க்கா. சக்கரம் வராது. வண்டி நிக்கும்."

குடையை மடக்கினார். முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பின்னால் ஐந்து பேர் ஏறினார்கள்.

வழியில் டாஷ்போர்டு ஸ்விட்ச் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மூன்றாவது வளைவு. சேறு. பாறைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். ஸ்விட்சுக்கு என் கை போவதற்குள் அவர் விரல் அதன்மேல் இருந்தது.

"இப்பவா?"

"இன்னும் கொஞ்சம் போகட்டும்க்கா."

முன் சக்கரம் ஏறியது. இடது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது, எனக்கு இடுப்பில் தெரிந்தது.

"இப்போ."

தட்டினார். ஒன்பதேகாலுக்கு மலை ஊர் போய்ச் சேர்ந்தோம்.