இரண்டு பூச்சு மஞ்சள்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலமென்றால், இடது தோள்பட்டை எலும்பு மட்டும் இரண்டாகிவிட்டது. உன் அக்கா திட்டுவதைக் கேட்கக் காது இரண்டும் பழுதில்லை.

விமானத்தில் வயலுக்கு மருந்தடித்துவிட்டு இறங்கினேன். இடது சக்கரம் தரையைத் தொட்டதும் அதைத் தாங்கும் கால் படக்கென்று முறிந்தது. விமானம் சுழன்று குப்புறக் கவிழ்ந்தது. நீ மாட்டிய புது பெல்ட்டில் நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். பழசு இற்றுப்போச்சு என்று நீ கழற்றி எறிந்தபோது, "தொப்பையைப் பிடிக்குதுடா" என்று எவ்வளவு அலுத்துக்கொண்டேன்! அது பிடித்ததால்தான் பிழைத்தேன். நீ நன்றாயிருக்க வேண்டும்.

ஒரே குறை. பத்து நாளாகியும் மெக்கானிக் துரையாகிய நீ எட்டிப்பார்க்கவில்லை. அக்கா வாசலையே பார்க்கிறாள்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நன்றி சொல்லாதீர்கள், முள்ளாய்க் குத்துகிறது. சக்கரக் காலுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, வெறும் இரும்பாக இருந்தால்தான் விரிசல் கண்ணில் படும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். "யார் வேலை இது?" என்று ஷெட்டில் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுரண்டிப் பார்க்காமலே பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். விரிசல் அதற்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

தப்பு முழுதும் என்னுடையது என்று விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்பேனர் பெட்டியையும் முதலாளியிடம் ஒப்படைத்தாயிற்று. இனி விமானத்தைத் தொடமாட்டேன். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

உங்கள் மச்சான்

மார்ச் 13

மச்சான்,

உட்கார்ந்து படி. அந்த மஞ்சள் நான் பூசியது. நீ லீவில் போன அன்று, டப்பாவில் இருந்த மிச்சத்தை வீணாக்குவானேன் என்று இரண்டு காலுக்கும் இரண்டு பூச்சு. நீ கேட்டபோது, எல்லோர் முன்னாலும் உன்னிடம் திட்டு வாங்க வெட்கம். சுரண்ட அரை நாளாகும் என்றாய். "பூச்சி நமக்காகக் காத்திருக்குமா? கையெழுத்தைப் போடுடா" என்று விரட்டியதும் இந்தத் திருவாய்தான்.

நேற்று அதிகாரியிடம் நேரில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் என்ன ஆகுமோ, ஆகட்டும். உன் அக்காவிடமும் சொன்னேன். அதற்குத்தான் அதிக தைரியம் வேண்டியிருந்தது. பெட்டியை வாங்கி வந்து என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். என் பழியைச் சுமக்கிறாய், உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி வேண்டாம் என்கிறாய். இது என்ன நியாயம்? மன்னித்துவிடு.

அத்தான்

மார்ச் 17

அத்தான்,

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்கக் கோபமாகவே இருந்தேன். சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவுதானே! பிறகு, திட்டு வாங்க மனுஷன் இருக்கிறாரே என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

நானும் சுரண்டியிருக்க வேண்டும். அதை மாற்றி எழுதித் தரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விமானத்தின் முறியாத வலது காலில் உங்கள் மஞ்சள் இன்னும் இருக்கும். அதற்குள் சுரண்டி வையுங்கள். கட்டுப் போட்டிருப்பது இடது பக்கம்தானே?

உங்கள் மெக்கானிக்