மூன்றாம் பாகத்தை என்னால் நம்ப முடியவில்லை

மித்ரா,

சித்ரான்னம் மூடி வைத்திருக்கிறேன். நேற்றும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய், இப்போதாவது சாப்பிடு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினொரு மணிக்குச் சாமான் ஏற்ற டெம்போ வரும். இந்த வீட்டுக்குப் பதிலாக ஆனேக்கலில் நமக்குக் கொடுத்த வீட்டின் சாவி டிவி மேல் இருக்கிறது.

நீ படிக்கச் சொன்ன நாவலின் மூன்று பாகங்களையும் வேலைக்குப் போகும் பீன்யா பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். முதல் பாகம் நிஜம். பதினாறு வயதுப் பிள்ளைகளை மதிலுக்கு வெளியே துரத்தும் இடத்தில், இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன். இரண்டாவதில் காதல் அதிகம். மூன்றாவதைத்தான் நம்ப முடியவில்லை. கதாநாயகி சந்தையில் நின்று பேசுகிறாள், காவலர்கள் துப்பாக்கியைக் கீழே போடுகிறார்கள், மதில் விழுகிறது.

ஜீவனஹள்ளியில் நம் வரிசை வீடுகளைக் காலி செய்ய வந்த அதிகாரியிடம் துப்பாக்கி இல்லை. "அசோகன் சார், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?" என்று காலி செய்யச் சம்மதிக்கும் பத்திரத்தை நீட்டினார். அப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது என்று அந்த மூன்று பாகங்களில் எங்கேயும் எழுதவில்லை.

"எதுக்குப்பா கையெழுத்து போட்ட?" என்று நேற்று நீ கேட்டாய். எல்லோரும் போட்ட பிறகுதான் போட்டேன் என்றேன்.

அப்பா

பி.கு. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அத்தை வந்தால் அவர்கள் குடத்தைக் கொடுத்துவிடு.

நான் சொன்னது பொய், மித்ரா. முதலில் போட்டது நான்தான். பாஞ்சாலி அத்தை என் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பேனாவை வாங்கினார்கள்.