தைலம் துடைத்த கட்டைகள்

இன்று காலை சோதனைக் கட்டைகள் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் நீலகிரித் தைலம் மணந்தது. நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. வாசனை மட்டும் பிடிவாதமாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மூக்கொழுகும் பிள்ளைகள் தொட்ட கட்டைகளைச் சாயங்காலமானால் தைலத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாய். கிருமியும் போகும், நம் தலைவலியும் போகும் என்பாய். ஒரே பாட்டிலில் இரண்டு வைத்தியம் பார்க்கும் கஞ்சம் என்று உன்னைக் கிண்டல் செய்வேன். அந்தத் துணியை நான் இன்னும் துவைக்கவில்லை.

நம் இடம் மாறவில்லை. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், அதே இரண்டு அறைகள். மெட்ரோவுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அந்த இரைச்சலில் பிள்ளைகள் தடுமாறினால், அந்த இயந்திரத்துக்கும் சேர்த்து மார்க் போடு என்று கத்துவாய். அப்படிச் சிரித்துக்கொண்டே எத்தனை பிள்ளைகளின் அறிவை நாம் அளந்திருப்போம். அளந்து என்ன கிழித்தோம் என்பதுதான் இன்று என் கேள்வி.

இன்று வந்தவள் பவித்ரா. உனக்கு மறந்திருக்காது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்மாவோடு வந்தாளே, இரட்டைச் சடையும் இஸ்திரி போட்ட யூனிஃபார்முமாக, அவள்தான். அப்போது ஒன்பதாவது. தன் பெயரைத் தாண்டி எழுத வராது. அறிவுத்திறன் குறைவு என்று சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சோதனையில் நாம் எடுக்கும் அறிவு எண் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் சான்றிதழ் வரும். பத்தாவது பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தருவார்கள். கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருந்தாலும் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கும் ஆகாமல் சான்றிதழுக்கும் ஆகாமல் பிள்ளை நடுவில் நிற்கும்.

அன்று சோதனை செய்தவள் நீ. நான் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டபோதெல்லாம் விழித்தவள், சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ படத்தை வைத்து முடிப்பதற்குள் அதே கோலத்தைக் கட்டையில் வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தக்கூட மறந்துவிட்டாய். எண்களையும் கடகடவென்று ஒப்பித்தாள். கூட்டிப் பார்த்தால் கோட்டுக்குச் சற்று மேலே.

வெளியே வந்து அம்மாவிடம் கேட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். சந்தோஷமாகவே சொன்னாள்.

"தேதி வாங்க வந்தப்ப கீழ ஒரு அம்மா சொல்லிச்சு மிஸ்ஸு, செவப்பு வெள்ள கட்டதான் வெப்பாங்கன்னு. எங்க ஊட்டுக்காரரு மரக்கடையில வேல, அவரே அறுத்துக் குடுத்தாரு. நான் பெயிண்ட் அடிச்சேன். டெய்லி வேல உட்டு வந்து சொல்லிக் குடுத்துகினே கீறேன். நல்ல மார்க்கு எடுத்தாதானே கவுருமெண்டுல எதுனா தருவாங்க?"

நீ அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து வெகு நேரம் பேசினாய். இது பரீட்சை இல்லை, இனிமேல் எதுவும் சொல்லித் தராதீர்கள், ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி பார்க்க முடியும் என்றாய். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தாய்.

"பொண்ணு தோத்தாதான் நல்லதுன்னு எந்த அம்மாகிட்டடி சொல்றது? எனக்கு வாயே வரல."

பிள்ளையைப் பழக்கியிருக்கிறார்கள், இந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று அறிக்கையில் எழுதினாய். சான்றிதழ் தரும் குழுவில் யார் அதைப் படித்தார்கள்? எண்ணைப் பார்த்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். வருஷம் திரும்பட்டும், நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சவால் விட்டாய். அதற்குள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஆவடி கல்லறையில் உன் மேல் மண் தள்ளியபோது, இந்தப் பொண்ணை இனி நான் அல்லவா பார்க்க வேண்டும் என்று கோபம்தான் வந்தது எனக்கு. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

இன்று அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தபா மார்க்கு பத்தல மிஸ்ஸு. அதான் தரல. இந்த தபா உடல, ஒரு நாள்கூட உடாம சொல்லிக் குடுத்துட்டேன்."

நீ சொன்னதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் மார்க் பற்றவில்லை. அவளுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. கட்டை இல்லாத சோதனை வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். குழு ஏற்பது இந்த ஒன்றைத்தான். அதற்காகவும் மனு போட்டுப் பார்த்தேன், பதிலில்லை.

பவித்ரா வளர்ந்துவிட்டாள். கட்டைகளை எடுத்தவள் மோந்து பார்த்தாள். பிறகு விரல்கள் ஓடின. ஒரு தப்பு இல்லை. முடித்துவிட்டு என்னைத் தாண்டி உள் அறையைப் பார்த்தாள்.

"பெரிய மிஸ் எங்க? அவங்க பாக்கணும். இப்ப இன்னும் ஸ்பீடா வெக்கிறேன்."

மிஸ் ஊரில் இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

கூட்டிப் பார்த்தேன். போன முறையைவிட மேலே. நீ எழுதிய அதே குறிப்பை நானும் எழுதினேன். இதையும் படிக்கமாட்டார்கள். சான்றிதழ் வராவிட்டால் தன் கம்பெனியிலேயே தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிற இடத்தில் சேர்த்துவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசரிடம் பேசியும் வைத்துவிட்டாளாம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். பிள்ளையின் கண்ணெதிரே கட்டையைக் கலைக்கக்கூடாது. நல்லா பண்ணினே என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நம்மால தர முடிஞ்சது அவ்வளவுதான்டி என்பாய். பவித்ராவிடமும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

பவித்ரா கடைசியாக வைத்த கோலம் மேசை மேல் அப்படியே இருக்கிறது. தைலத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பிள்ளை வெளியே காத்திருக்கிறது. கலைத்துத்தான் ஆக வேண்டும்.