அந்த உள்கிழிசல் இன்னும் இருக்கிறது

என் சுமதி அக்காவுக்கு,

மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மறுமாதம், நீ படித்த திருவண்ணாமலைக் கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் சென்னை ஆய்வு வழிகாட்டியும் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் நம்பவில்லை. ஒரு காலத்தில் உன்னைப் பேசவே விடாதவர் அல்லவா?

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நீ ஆராய்ந்தது புள்ளி போன்ற துகளை அல்ல, சவ்வு போல் விரிந்த பொருளை. அதைச் சுற்றி வெளி எப்படி வளைகிறது என்று சூப்பர்கிராவிட்டி என்னும் ஈர்ப்புக் கோட்பாட்டின் சமன்பாடுகளில் தேடினாய். ஓரிடத்தில் விடை முடிவிலிக்குப் போனது. இடமும் காலமும் அங்கே கிழிகின்றன, அது ஒருமைப்புள்ளி என்றார்கள் எல்லோரும்.

உனக்கு மட்டும் சந்தேகம். "நாம அளக்கிற விதமே தப்பா இருந்தா, சார்?"

"சந்தேகத்துக்கெல்லாம் பட்டம் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர்.

நீ விடவில்லை. அளக்கும் விதத்தை மாற்றிக் கணக்குப் போட்டாய். கிழிசல் அங்கே இல்லை, கடந்துபோகக்கூடிய எல்லைதான் என்று தெரிந்தது. கருத்தரங்கில் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். நீயோ, "இருங்க. இன்னும் உள்ள போனா நெஜமாவே கிழியுது. அதை என்னால ஒண்ணும் பண்ண முடியலை" என்றாய்.

யாரும் கேட்காததை எதற்குச் சொன்னாய் என்று ஊருக்குத் திரும்பும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் சண்டை போட்டேன். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க பாரு, அப்பதான்டி எனக்கு பயமே வந்துச்சு" என்றாய்.

இரங்கல் மேடையில் அவர், "ஒருமைப்புள்ளியே இல்லன்னு நிரூபிச்ச பொண்ணு" என்றார். மறந்துவிட்டாரா? இல்லை, மறுத்துப் பேச நீ இல்லை என்ற தைரியமா?

எழுந்துவிட்டேன். "சார், எங்கக்கா அப்படி சொல்லலைங்க. உள்ள ஒண்ணு இருக்குன்னுதான் சொன்னா."

அம்மா என் புடவையை இழுத்தாள். "உக்காருடி, நல்லதுதானே சொல்றாரு."

"சின்ன விஷயம்மா அது" என்று அவர் சிரித்தார்.

"அவளுக்கு இல்லைங்க."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த உள்கிழிசலுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது என்று இப்போது சிலர் எழுதுகிறார்களாம். அதையும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். உன் பெயரில் அவர் நினைவு மலர் வேறு கொண்டுவரப் போகிறார். அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகப் பார்ப்பேன். நீ சொன்னதைவிடப் பெரியவளாக உன்னை ஆக்க யாரையும் விடமாட்டேன், அக்கா.

உன்னோடு சண்டை போட ஆளில்லாத தங்கை,
வசந்தி